பாப்பாவின் இடப்பக்கம்

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பேன். பாப்பாவைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்புவேன். அதன் காலைத் துடைத்துவிட்டு, தட்டில் சாப்பாடு போட்டு, தண்ணீரை மாற்றுவேன். ஏழு பத்துக்குப் புதுப்பட்டினம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வரும். இன்று பஸ் ஏறவில்லை. பாப்பாவின் இடப்பக்கத்தை வெட்டி முடித்துவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அதனால்தான் சட்டையெல்லாம் முடி.

ரேணுகா மேடம், என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

பாப்பா எங்கள் நாய். ஷிட்ஸு வகை. வெட்டாமல் விட்டால் முடி தரையைக் கூட்டும். இந்தக் கடற்காற்றில் நான்கே நாளில் காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சடை விழுந்துவிடும். திருவான்மியூர் வரை போனால் வெட்டிவிடும் கடைகள் இருக்கின்றன. என் மனைவி ஸ்ரீதேவிக்கு அதில் விருப்பமில்லை. தெரியாதவர்கள் கை பட்டால் பாப்பா நடுங்கும் என்பாள். வீட்டிலேயே வெட்டக் கற்றுக்கொண்டாள்.

முதலில் சடையில் கார்ன்ஃப்ளார் மாவைத் தேய்த்து விரலால் பிரிப்பாள். பிறகு எஃகுச் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாருவாள். சடையைக் கத்தரிக்கோலால் நறுக்கக் கூடாது, தோலும் அதற்குள் இழுபட்டிருக்கும் என்று சொல்வாள். குளிப்பாட்டி, உலர்த்தி, கடைசியில்தான் முடி வெட்டும் மெஷின். பிளேடு சூடாகிவிட்டதா என்று நடுநடுவே தன் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாள்.

முன்பு ஹாலில்தான் வெட்டினாள். சாம்பாரில் முடி கிடந்தது என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே தரை எப்போதும் ஈரமாக இருக்கும். பிளக் பாயின்ட் சமையலறைக்குள் இருந்தது. ஒயரை ஜன்னல் வழியாக வெளியே விடுவோம். சுவிட்ச் போடுவது என் வேலை.

"பாப்பா, அப்பாவ சுவிட்ச் போடச் சொல்லு" என்பாள். நான் போடுவேன்.

இரண்டு வருடங்களாக என்னிடம் அப்படித்தான் பேசினாள். "பாப்பா, கேஸ் தீந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு." "பாப்பா, அப்பாவுக்கு நாளைக்கு லீவான்னு கேளு." குழந்தையை வைத்துக்கொண்டு கணவனிடம் பேசுகிற வழக்கம் எத்தனையோ வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டில் குழந்தை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தை ஆறாவது மாதத்தில் கலைந்துவிட்டது. அன்று மதியம் மூன்று முறை எனக்கு போன் செய்திருக்கிறாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு மாதம் கழித்து மதுராந்தகத்தில் ஒருவரிடமிருந்து நாய்க்குட்டியை வாங்கி வந்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கல்லூரி நாட்களிலிருந்தே அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். குட்டி வந்த நாளிலிருந்து நான் அப்பா ஆனேன். பெயர் நின்றுவிட்டது.

வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. எதிர்வீட்டுப் பிரபாவதி அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார். சண்டை போடுவதற்கு நேராகப் பேச வேண்டும்.

மெஷினின் ஒயரை பாப்பா கடித்துவிட்டது. வியாழக்கிழமை அதை ரஹ்மத்துல்லா கடைக்கு எடுத்துப் போனேன். மிக்ஸி, ஃபேன் எல்லாம் பழுது பார்ப்பவர்.

"இன்னா சார், நாய்க்கு வூட்லயே கட்டிங்கா? நம்ம மச்சான் சலூன் வச்சிகினு ஈ ஓட்டுறான், அவனாண்ட சொன்னா அழுவான்" என்று சிரித்தார். பிரித்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"கழுத்தாண்ட ஒயரு பிஞ்சிகீது சார். உள்ள ஈரம் வேற எறங்கிகீது. மாத்துற ஒயரு புதன்கெழம வரும். அதுவரிக்கும் இத யாரும் தொடக் கூடாது. இங்கயே வுட்டுட்டுப் போங்க."

"இல்லை பாய், எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"அப்டின்னா பிளக்க வெட்டிட்டுத் தரேன். தெரியாம யாராவது சொருகிடப் போறாங்க."

வேண்டாம், நானே இன்ஜினியர்தான் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். "செரி சார், நீங்களே படிச்சவரு. அக்காவாண்ட மட்டும் சொல்லிடுங்க, மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை.

மெஷினை அதன் நீலப் பெட்டியில், சீப்புகளோடு வைத்தேன். சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆகவில்லை என்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கேட்கிறவர்களுக்குப் பதில் கிடைக்கும். நியாயமான ஏற்பாடாகத்தான் எனக்குப் பட்டது. "பாப்பா, உன் மெஷின் வந்துருச்சு பாரு" என்றாள் சனிக்கிழமை. அது கேள்வி இல்லை. என்னிடம் சொன்னதும் இல்லை. அவள் ஒருமுறைகூட நேராகக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு வெட்ட உட்கார்ந்தாள். நான் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "பாப்பா, அப்பாவ சுவிட்ச் போடச் சொல்லு" என்று குரல் வந்தது. போட்டேன். வலப்பக்கம் முழுவதும் வெட்டிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. களைப்பாக இருந்தது. மெஷினைக் கீழே வைத்தாள். சுவிட்சை அணைத்தேன். பாப்பாவை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் சுவிட்சைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது மருத்துவமனைக் காகிதத்தில் இருக்கிறது.

முதல் நாள் உங்களிடம் இரண்டு பொய் சொன்னேன். மெஷினைச் சரி செய்துதான் கடையில் கொடுத்தார்கள் என்றது ஒன்று. கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பாப்பாவப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது இரண்டாவது.

நேற்று ரஹ்மத்துல்லாவின் மனைவி உம்மு சல்மா வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"சார், முந்தாநாளு போலீசு வந்து அவர இட்னு பூட்டாங்க. தொடாதீங்கன்னு உங்களாண்ட சொன்னேன்னு தலதலயா அடிச்சிகிறாரு. கேக்க ஆளில்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்க சார்."

பாப்பா கேட்டருகே ஓடிப்போனது. வலப்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது, இடப்பக்கம் முடி தரை வரை தொங்கியது. பன்னிரண்டு நாளாக அப்படியேதான் தெருவில் நடத்திக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாவம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

உம்மு சல்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். "இன்னா சார் இது, பாதியிலயே வுட்டுட்டீங்க?" என்றார்.

அவர் நேராகக் கேட்டார். அதனால் இன்று காலை கத்தரிக்கோலை எடுத்தேன். சடையில் மாவு தேய்த்து, பிரித்து, வாரி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். நாற்பது நிமிடம் ஆனது. பாப்பா நடுங்கவில்லை. ஸ்ரீதேவியை விடச் சற்று மேடு பள்ளமாக வந்திருக்கிறது. பிரபாவதி அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ரஹ்மத்துல்லா மீது எந்தத் தவறும் இல்லை. அவர் பிளக்கை வெட்டப் போனார். நான் தடுத்தேன். தெரிந்தேதான் எடுத்து வந்தேன், தெரிந்தேதான் சுவிட்ச் போட்டேன். அவரை அனுப்பிவிடுங்கள்.

எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். படித்தேன். ஒரு வரியை அடிக்க வேண்டும். அவள் ஒருமுறைகூட நேராகக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

வலப்பக்கம் முடிந்ததும் அவள் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். விரலெல்லாம் முடி ஒட்டியிருந்தது. நாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் திரும்பிப் போய் உட்காரும் வரை காத்திருந்தேன்.

அவள் கடைசியாகச் சொன்னது இது:

"சம்பத், கை லேசா சுர்ருங்குது. பாய் சரி பண்ணிட்டாருல்ல? நீ சொன்னாதான் தொடுவேன்."