அழிக்க முடியாத கமரா

வெள்ளவத்தையில் மட்டக்குளி பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டிலிருந்த ஐம்பது வயதுக்காரர் மனைவியிடம் சொல்வது கேட்டது.

“இந்தக் கமராவில உம்மால என்னை அழிக்கேலாது.”

அவர் மடியில் பழைய ஃபிலிம் கமரா ஒன்று இருந்தது.

“நான் எங்க உங்களை அழிச்சனான்? என்ர முகம் வடிவில்லாத படங்களைத்தான் அழிச்சனான்.”

“பக்கத்தில நிண்டது நான்தானே! நுவரெலியாவில டிஜிட்டல் கமராவால நூற்றிருபது படம் எடுத்தம். வீட்ட வரேக்க மிஞ்சினது ஒரு குதிரை.”

“குதிரை வடிவா நிண்டது.”

“அதுதான் ஃபிலிம் வாங்கினனான். நேற்றுக் கடற்கரையில எடுத்த முப்பத்தாறு படமும் உள்ளுக்குப் பத்திரமா இருக்குது. கழுவி வரும்வரைக்கும் நீர் கைவைக்கேலாது.”

“கழுவி வந்தாப் பிறகு? வீட்டில கத்தரிக்கோல் இருக்குதுதானே.”

அவர் கமராவை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“நீர் வெட்டும் பாப்பம். உம்மை வெட்டி எடுத்தாலும் உம்மட கை என்ர தோளில இருக்கும்.”

பம்பலப்பிட்டியில் இறங்குவதற்காக அந்த அம்மா எழுந்தார்.

“இருக்காது. அதுக்குத்தான் நேற்று முழுக்கத் தள்ளி நிண்டனான்.”