முதல் நிமிஷத்திலிருந்து

— மறுபடி சொல்லு தங்கச்சி. மணி கரீட்டா ஓடணும், ஸ்டாப்வாட்ச் மட்டும் மெதுவா ஓடணும். அதானே?

— ஆமாண்ணா. பத்து நிமிஷம் ஆனா எட்டுன்னு காட்டணும்.

— இருவது வருசமா குரோம்பேட்ட ரயில்வே ஸ்டேஷனாண்ட கட போட்டுகினு கீறேன். ஓடாத வாட்ச்ச ஓட வுடுன்னுதான் வருவாங்க. இந்த சாலமன் கைக்கு இப்பிடி ஒரு கேஸு வந்ததே இல்ல. சீட்டுல இன்னா பேரு எழுத?

— பேர் வேண்டாம்ணா. சீட்டே வேண்டாம். வீட்டுக்காரர் வாட்ச்.

— நல்ல ஐட்டம்மா இது. பேட்டரி கெடையாது, சாவி குடுக்குற வாட்ச். மேல் பட்டன அமுக்குனா ஸ்டாப்வாட்ச் ஓடும், இன்னொருவாட்டி அமுக்குனா நிக்கும், கீழ் பட்டன் அமுக்குனா ஸீரோ. இத வெச்சுகினு வூட்ல இன்னா பண்றாரு, ஓட்டப்பந்தயம் நடத்துறாரா?

— முதல்ல இட்லிக்குத்தான். பத்து நிமிஷம் ஆச்சுன்னா அடுப்ப அணைச்சிடுவார். அப்புறம் மோட்டார். தொட்டி நிரம்ப இருபத்தி மூணு நிமிஷம், ஒரு சொட்டு வழியாது. டிகாக்ஷன் இறங்க, பல்லாவரம் சிக்னல் விழ, எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. நானே எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருக்கேன்.

— நல்ல பழக்கம்தானே?

— அப்புறம் என் குளியல். எங்கம்மாகூட போன். காய்கறிக் கடைக்குப் போயிட்டு வர்றது.

— லேட்டானா கத்துவாரா?

— குரலே உயராது. கூட ஆன ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு மணி நேரம். ஸ்டோர் ரூமுக்குள்ள. வெளியில தாழ்ப்பாள்.

— இன்னாம்மா சொல்ற?

— செவ்வாய்க்கிழமை சப்வேல தண்ணி, சுத்திப் போய் வந்தேன். நாலு நிமிஷம் கூட ஆயிடுச்சு. நாலு மணி நேரம் உள்ள. கதவத் திறந்ததும் வாட்ச்சப் பார்த்துட்டு "கரெக்ட்"னார். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசல.

— போலீஸுக்கு சொல்ல வேண்டியதுதானே?

— ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர எத்தனை நிமிஷம் ஆகும்ணா?

— அதுக்கும் எண்ணுவாரா!

— சொல்லுங்க. இந்த வேலை ஆகுமா ஆகாதா?

— தங்கச்சி, உள்ள ஒரே என்ஜின்தான். அத மெதுவாக்குனா மணியும் பின்னாடி போவும். மொத நாளே புடிச்சுருவாரு.

— ரெண்டு நிமிஷம்கூட முடியாதா? ப்ளீஸ்ணா. எனக்கு பயமா இருக்கு.

— பொறு, தொறந்து பாக்குறேன். இத எப்பிடி கொண்டாந்த? கையிலேர்ந்து கழட்டுவாரா?

— தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டார். இன்னிக்கு டைனிங் டேபிள்ல வச்சுட்டு ஆபீஸ் போயிட்டார். மறந்துட்டார்போல. எடுத்துட்டு ஓடி வந்தேன். சொல்லாம வெளியில வந்தா முதல் நிமிஷத்திலிருந்தே கணக்குண்ணா. சீக்கிரம் பாருங்க.

— மறந்துட்டாரா? அப்ப ஏன் ஸ்டாப்வாட்ச்ச ஓட வுட்டுட்டு போனாரு?

— என்னது?

— நீ குடுக்கும்போது ஓடிகினு இருந்துச்சே.

— இப்ப ஓடலியே!

— நான்தான் நிறுத்தி ஸீரோ பண்ணேன். எங்க தொழில்ல அப்பிடித்தான்மா. இந்த மாதிரி வாட்ச் வந்தா மொதல்ல பட்டன அமுக்கி, முள்ளு ஸீரோவுக்கு திரும்புதான்னு பாப்போம். கை தானா பண்ணிடும்.

— எவ்வளவு காட்டுச்சு?

— கவனிக்கலியேம்மா.

— நல்லா யோசிங்கண்ணா. எவ்வளவு காட்டுச்சு?

— சத்தியமா தெர்ல. அவரு எப்ப அமுக்குனாருன்னு சொல்லு, முள்ள எடுத்து கரீட்டா அங்க வெச்சுத் தரேன்.

— எனக்கு எப்படித் தெரியும்? அவர் மறக்கலண்ணா. அவர் எதையும் மறக்கறவர் இல்ல. நான் தொடறேனான்னு பார்க்கத்தான் வச்சுட்டுப் போயிருக்கார்.

— வூட்டுக்கு போவாத.

— எங்கம்மா மேடவாக்கத்துல இருக்காங்க.

— அங்க போ. எதிர்க்கவே பஸ் ஸ்டாப். வாட்ச் என்னாண்ட கெடக்கட்டும், வந்து கேட்டா நான் பேசிக்கிறேன்.

— வாட்ச் இல்லேன்னா அவருக்கு எண்ணத் தெரியாதா அண்ணா?

— கெளம்பும்மா மொதல்ல. இரு, போன் அடிக்குது. போர்டுல நம்பர் பாத்து எவனாச்சும் கூப்புடுவான்... ஹலோ, சாலமன் வாட்ச் கடை... சுப்ரஜாவா? அப்பிடி யாரும் வரலியே சார்...

— அண்ணா, அது என் பேரு. யாரு போன்ல?

— உன் வூட்டுக்காரரு. எதிர்க்க பஸ் ஸ்டாப்புல நிக்கிறாராம். நீ வூட்ட வுட்டு கெளம்பி பத்தொம்பது நிமிசம் ஆச்சாம். கரெக்டான்னு உன்ன கேக்கச் சொல்றாரு.