கீழே காட்டியபடி

எனக்கு விளம்பரங்களைக் கண்டாலே ஆகாது, சார். ஒரு பக்கத்தைத் திறந்தால் நாலா பக்கமும் கடை விரித்து உட்கார்ந்திருக்கும். அதனால் போனில் எதையும் ரீடிங் மோடில் போட்டுத்தான் படிப்பேன். ஒரு பொத்தானைத் தொட்டால் சந்தடியெல்லாம் போய் எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும். சில சமயம் நடுவில் இருக்கும் வீடியோவும் சேர்ந்து போய்விடும். இருந்த இடமே தெரியாது.

பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகச் சேம்பர் பார்க்கிறேன். ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவு பெரிய இரும்பு உருளை அது. டயர்களை உள்ளே தொங்கவிட்டு, கதவை மூடி, சூடும் காற்றழுத்தமும் கொடுப்போம். முடிந்ததும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

பெற்றவர்கள் போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது நான். பட்டறையிலேயே வேலை பார்த்தவருக்குக் கட்டிவைத்து, அடுத்த தெருவில் குடிவைத்ததும் நான். மாப்பிள்ளை தங்கமானவர், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வேறு ஊரில் திறக்கப்போகும் கிளைக்குப் பொறுப்பாளராகப் போக அவர் சம்மதித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கை சிரித்துக்கொண்டே பெட்டி கட்ட ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

போவதற்குமுன் அவர் சேம்பரைத் தனியாக இயக்கிக் காட்ட வேண்டும் என்றார் முதலாளி. இயந்திரக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் செய்முறை இருந்தது. "எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கு மச்சான், கண்ணு எரியுது" என்றார் மாப்பிள்ளை. நான் அவர் போனை வாங்கி அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுத்தேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து வந்து கேட்டார்.

"மீட்டர் பூஜ்யம் காட்டியதும் கீழே காட்டியபடி செய்யவும்னு போட்டிருக்கு. கீழே ஒண்ணும் காட்டலையே?"

"அடுத்த வரியைத்தான் சொல்றான் மாப்பிள்ளை. கைப்பிடியை இடப்பக்கம் திருப்புன்னு இருக்குல்ல, அதுதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அங்கே இருந்தது ஒரு நிமிஷ வீடியோ. மீட்டர் இருப்பது காற்று வெளியேறும் குழாயில். குழாயின் வாயை ரப்பர் பிசிறு அடைத்துக்கொண்டால் குழாய் மட்டும் காலியாகும், முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும்; உள்ளே காற்று அப்படியே இருக்கும். ஆகவே கதவுக்குக் கீழே உள்ள சின்னக் குமிழைத் திறந்து, சீறல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைத்தான் அந்த வீடியோ காட்டியது.

அந்தக் குழாய் வாயைத் திங்கட்கிழமைதோறும் சுத்தம் செய்பவன் நான். மூன்று திங்கட்கிழமை நான் செய்யவில்லை.

மூன்றாவது வாரம் வியாழன் காலை பத்தரைக்கு அவர் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினார். கதவு அவரையும் கொண்டுபோய் எதிர்ச்சுவரில் அடித்தது. நான் அப்போது கேன்டீனில் இருந்தேன். டீ ஆறுவதற்காகக் காத்திருந்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் தங்கள் கணினியில் பக்கத்தைத் திறந்தார்கள். வீடியோ கண்ணெதிரே ஓடியது. இவ்வளவு தெளிவாகப் போட்டிருந்தும் பார்க்காமல் விட்டிருக்கிறார், கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தங்கை என் வீட்டுக்கு வந்தாள். தினமும் அந்த வீடியோவை என் போனில் போட்டுப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம்தான் அண்ணா. ஒரு நிமிஷம் பாக்க அவருக்கு என்ன கேடு?"

"அவசரக்காரன்மா" என்றேன்.

அவள் அதை நம்பினாள். அழுகை நின்று கோபம் வந்தது. ஒருநாள் அவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஐந்து மாதமும் நாங்கள் இருவரும் ஒன்றாகவே சாப்பிட்டோம். நிம்மதியாக இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

யாரும் சந்தேகப்படாதபோது ஸ்டேஷனுக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். போன வாரம் அவள் தொலைவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை, போனையும் எடுப்பதில்லை. நீங்கள் தேடினால் அகப்படுவாள். நான் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள் சார். காறித் துப்புவதற்காவது ஒரு தடவை என்னைப் பார்க்க வருவாள்.