சீதனமாக வந்தவன்

என் பெயர் இனியன். வயது இருபத்தாறு. டெக்சாஸில், சுகர் லேண்டில், அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். இந்த வீட்டுப் பின்பக்கம் கறிவேப்பிலை நன்றாக வருகிறது. இந்த வெயிலுக்கு யார் வைத்தாலும் வரும் என்பார்கள். அது உண்மையில்லை. தெரிந்தவர்கள் வீடுகளில் வைத்து வைத்துப் பட்டுப்போனது. கடைசியில் ஜலஜா அக்காவையே கூப்பிட்டு நட்டுத் தரச் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டது.

அக்காவுக்குக் கைராசி. இங்கே நம் ஆட்கள் யார் புதுக் கார் எடுத்தாலும் முதலில் சாவி போட்டுத் திருப்புவது அவள்தான். வீடு வாங்கினால் பால் காய்ச்சுவதும் அவள்தான். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு.

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பேசினால் வரும். அதனால் கேசட்டில் பேசுகிறேன். ஆனால் அக்கா இதை என் குரலில் கேட்க வேண்டாம். யாராவது எழுதி எடுத்து, அவளுக்குப் படித்துக் காட்டினால் போதும்.

கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவுக்குச் சின்ன ஃபவுண்டரி. பம்புக்கு வார்ப்பு ஊற்றும் வேலை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர் பசுபதி மச்சான் இங்கே எண்ணெய்க் கம்பெனியில் நல்ல பதவியில் இருக்கிறார். தெரிந்த ஒருவரிடம் சொல்லி எனக்கு விசா எடுத்துக் கொடுத்தார். அதை நான் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதும் இல்லை. நாலு பேர் வீட்டுக்கு வந்தால் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்.

"மத்தவங்களுக்கெல்லாம் சீர்ல கார் வந்துச்சுங்க. எனக்கு இவன் வந்தான். பெட்ரோல் போட வேண்டாம், சோறு போட்டாப் போதும், ஓடும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு 'சீதனம்' என்பதே என் பெயராகிவிட்டது.

மச்சான் அக்காவை அடித்ததில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அம்மாவுக்கு அவள் போன் பண்ணும்போது பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் பாதிப் பேச்சில் வைத்துவிடுவாள். அவளுக்காக யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் செய்தது அவளுக்காகத்தான்.

மச்சானின் ஆபீஸில் ராய் என்று ஒரு பெரியவர். லானோ பக்கம் மான் வேட்டைக்கு நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அவரவர் தாத்தாவின் துப்பாக்கியோடு வருவார்கள் என்று கேள்விப்பட்டதும், மச்சான் 'கன் ஷோ' என்கிற துப்பாக்கிச் சந்தைக்குப் போய்ப் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தார். இரண்டாம் உலகப் போரில் இருந்தது. கைப்பிடிக்கிற இடத்தில் கட்டை பிளந்து, யாரோ கம்பி சுற்றியிருந்தார்கள். இரும்பெல்லாம் துரு.

"நவம்பர் சீசனுக்குள்ள இத ரெடி பண்ணிரு. உங்கப்பன் பட்டறைல இரும்பத் தின்னு வளந்தவன்தான நீ?"

"செரிங்க மச்சான்."

சனி ஞாயிறுகளில் கராஜில் உட்கார்ந்து செய்தேன். அமெரிக்கா வந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். போர்த் துப்பாக்கிக்குக் குழலின் நுனிவரை மரம் ஓடும். அதைக் குறைத்தால்தான் வேட்டைக்குத் தூக்க வாகாக இருக்கும். பழைய கட்டையைக் கழற்றிவிட்டு வால்நட் பலகையில் புதிதாகச் செதுக்கினேன். உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி. கன்னம் வைக்கிற இடம் குழந்தையின் முதுகு மாதிரி வந்தது. அக்கா துணி காயப்போட வரும்போது தடவிப் பார்த்துவிட்டுப் போவாள்.

துருவை எடுத்த பிறகு இரும்பைச் சோதித்தேன். அப்பா வார்ப்பைச் சோதிக்கிற முறைதான். மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வந்து கோடு போடும். குண்டு வெடிக்கிற இடத்தைச் சுற்றியுள்ள இரும்பில் கோடு வந்தது. மயிரிழை அகலம். ஃபவுண்டரியாக இருந்தால் அப்பா பேசாமல் உடைத்து உலையில் போட்டிருப்பார்.

சொல்லத்தான் போனேன். கையில் சாக்பீஸ் தூளோடு ஹாலுக்குள் நுழைந்தேன். விருந்தாளிகள் இருந்தார்கள்.

"யாரு வர்றா பாருங்க, நம்ம சீதனம்! டேய், கையக் கழுவிட்டு அங்கிளுக்கு டீ எடுத்துட்டு வா."

கையைக் கழுவினேன். டீ எடுத்து வந்தேன். பிறகு கராஜுக்குப் போய் அந்த இடத்தை மெருகேற்றி, கருநீலச் சாயம் கொடுத்தேன். கோடு மறைந்துவிட்டது. அழகாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு அதை வாக்குவம் கிளீனருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சாத்தி வைத்தார்கள். அக்கா பொட்டு வைத்தாள். பொட்டு வைக்கச் சமதளமான இடம் ஒன்றுதான் இருந்தது. கோடு இருந்த இடம்.

"சுட்டுப் பாத்தியா?" என்று மச்சான் கேட்டார்.

"முதல் குண்டு நீங்கதான் போடோணும் மச்சான். உங்க துப்பாக்கி."

அவருக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவு மரியாதையாக நான் பேசியதில்லை.

நவம்பரில் நாங்கள் மூவரும் லானோ போனோம். அக்கா லெமன் சாதமும் தயிர் சாதமும் கட்டி எடுத்து வந்தாள். ராய் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். தானே செய்ததாக மச்சான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. நானும் திருத்தவில்லை. வேட்டைக்கு முன்னால் குறி சரி பார்க்க வேண்டும் என்று ராய் தூரத்தில் அட்டை நட்டுவிட்டு வந்தார். மச்சான் குண்டைப் போட்டு மூடினார். தோளுக்குக் கொண்டு போனவர் இறக்கிவிட்டார்.

"ஜலஜா, நீ வா. மொதல்ல உன் கை படட்டும். ஊர்ல இருக்கற காரெல்லாம் நீதான ஸ்டார்ட் பண்ற?"

"அய்யோ, எனக்கென்னங்க தெரியும் இதெல்லாம்."

நான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். "மச்சான்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"பாரு, சீதனத்துக்குப் பொறாமைய. காருக்கே சாவி வேணுமாம்!"

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. முதல் தடவை மச்சான் அந்தச் சீர்க் கார் கதையைச் சொன்ன நாளிலும் அப்படித்தான் சிரித்தாள். எல்லோரையும்விட அதிக நேரம்.

பிறகு தாலியை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"கன்னத்த எங்கடா வெக்கோணும், இனியா?"

காட்டினேன். அவள் முடியை ஒதுக்கிவிட்டு, கன்னத்தை வால்நட் கட்டையில் நானே சாய்த்து வைத்தேன். பிறகு தள்ளி நின்றுகொண்டேன்.

அக்காவுக்கு இப்போது வலது கண் இல்லை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. கன்னத்தின் ஒரு பக்கம் அசைவதில்லை.

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்தவரிடம், துப்பாக்கி மச்சானின் கைவேலை என்று ராய் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மச்சான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அக்காதான் கட்டுப் போட்ட முகத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் விசால இருக்கறான். அவன் பேர இழுக்காதீங்க." அவர் இழுக்கவில்லை. பழைய துப்பாக்கி வெடித்துச் சிதறியது, விபத்து என்று முடிந்தது.

மச்சான் இப்போது குரலை உயர்த்துவதில்லை. அம்மாவுக்கு அவரே போன் போட்டுக் கொடுக்கிறார். "சாப்ட்டியா இனியா?" என்று என்னைக் கேட்கிறார். சீதனம் என்ற வார்த்தை இந்த வீட்டில் இல்லை. நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

போன வாரம் பக்கத்துத் தெரு ரோஷினி புதுக் கார் எடுத்து, பழக்கத்தில் சாவியோடு வந்துவிட்டாள். அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வேண்டாம்மா. என் கைராசி போயிருச்சு." கறிவேப்பிலையைக்கூட அவள் தொடுவதில்லை. நான்தான் பறித்துக் கொடுக்கிறேன். சோறும் நான்தான் ஊட்டுகிறேன். "உன்னையாச்சும் சாமி காப்பாத்துச்சே" என்று அவள் சொல்லும்போது, ஆமாம் என்கிறேன்.

அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. கோடு எனக்குத் தெரியும். தெரிந்தே சாயம் பூசினேன், தெரிந்தே கொடுத்தேன், தெரிந்தே கன்னத்தைச் சாய்த்து வைத்தேன். அதை அவளுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன். இதுவும் அவளுக்காகத்தான்.

இதை எழுதி எடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரே ஒரு உதவி. அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது எல்லாவற்றையும் படியுங்கள். அவள் சிரித்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.