ஆடும் மலை

“பத்துல பார்த்தா மலையே ஆடுது ஏட்டி.”

தென்காசி பஸ் ஸ்டாண்டில், குற்றாலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த வயதான கணவனும் மனைவியும் இரண்டு பைனாகுலர்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, மற்றது பத்து.

“எங் கைதான் நடுங்குதோ?” என்றார் கணவர்.

மனைவி பத்தை வாங்கிப் பார்த்தார். “எனக்கும் ஆடத்தான் செய்யுது. துப்பாக்கி சுட்டு மெடல் வாங்குன கை நடுங்குமாக்கும்? பஸ்ஸுல்லா ஆடுது.”

“அப்போ எட்டையே வச்சுக்கிடுவமா?”

“அதுதான் வெளிச்சமாவும் இருக்கு. இருவாச்சி பறந்தா மஞ்ச மூக்கு இதுலயே தெரியும். பத்தைக் கடையில திருப்பிக் கொடுத்துருவோம்.”

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

டீ குடிக்கப் போயிருந்த டிரைவர் அப்போதுதான் ஏறி, வண்டியை ஸ்டார்ட் செய்தார்.