மூணு ரோஸும் ஒரு கேம் டப்பாவும்

— நான் இங்க அழுகாத குறையா உக்காந்திருக்கறன். நீங்க விளையாட்டுச் சாமானத் தூக்கிட்டு வர்றீங்களே மாஸ்டர்!

— விளையாட இல்ல சாரதா மேடம். இதுல மெயில் பாக்கலாம். நெசமாத்தான் சொல்லுதேன்.

— இந்த டப்பாவுலயா?

— பி.எஸ்.பி. எங்க மச்சான் கப்பல்ல இருந்து கொண்டாந்தது. இன்டர்நெட்டும் உண்டுன்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்குல்லா.

— போட்டிருக்கும். நீங்க பாத்திருக்கறீங்களா?

— கார் ரேஸ் ஓட்டியிருக்கேன்.

— அட சாமி... கட்டிங் டேபிள்ல உக்காந்து இதத்தான் பண்றீங்களா?

— சாப்பாட்டு நேரத்துல மட்டும் மேடம்.

— அதான் உங்க சாப்பாட்டு நேரம் மூணு மணி வரைக்கும் போகுதுங்களா? சரி, கரண்ட் இல்லாம இதுல நெட் எப்படிங்க வரும்?

— இதுக்கு பேட்டரி இருக்கு. மோடத்துக்கு அந்தக் குட்டி யூ.பி.எஸ். இருக்கு. லைட்டு எரியுது பாருங்க. கம்ப்யூட்டருதான் செத்துக் கிடக்கு. காத்துல வர்ற நெட்ட இது புடிச்சிரும்.

— அந்த யூ.பி.எஸ். அரை மணி நேரங்கூடத் தாங்காதுங்க.

— அப்போ என்னைத் திட்டுறத அப்புறம் வெச்சிக்கிடுங்க.

— ஜெனரேட்டர் பெல்ட்டு வாங்கப் போனவங்க வந்துட்டாங்களா?

— அவிநாசியில கடை கடையா ஏறுதாங்களாம். இன்னைக்கு லைன் வேலைல்லா, சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராது. ப்ரௌசிங் சென்டரும் ஷட்டர இறக்கிட்டான்.

— எனக்கு சாயங்காலம் வரைக்கும் ஆகாதுங்க. பன்னெண்டு மணிக்கு முதலாளி பெருமாநல்லூர்ல இருந்து வந்துருவாரு. வந்ததும் கேப்பாரு... ஏ, பி, சின்னு மூணு ரோஸ் கலர்ல சாம்பிள் துணி அனுப்புனமே, ஜெர்மனிக்காரம்மா எத ஓகே பண்ணுச்சுன்னு.

— போன் போட்டுக் கேக்கலாம்லா?

— "பதில் மெயில்ல போட்டுட்டேன்"னு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிட்டு ஃப்ளைட் ஏறிடுச்சுங்க. எந்த ரோஸுன்னு அதுலயே சொன்னா என்னவாம்?

— அவங்க ஊர்ல கரண்டு போகாது மேடம். அவங்களுக்கு எங்க தெரியப் போவுது.

— எல்லாம் என்ற நேரம். மெயில் பாக்காம ஒரு கிலோ துணி சாயத்துல எறங்குனாலும் அன்னைக்கே ஊட்டுக்குப் போயிரலாம்னு சொல்லியிருக்காரு. போன வருசம் பட்ட பாடு அப்படி.

— அந்தப் பச்சை...

— ஞாபகப்படுத்தாதீங்க!

— நான்தான மேடம் வெட்டுனேன். ரெண்டாயிரம் பீஸு. இன்னைக்கும் எங்க காலனியில பாதிப் புள்ளைங்க அந்தப் பச்சைச் சட்டையிலதான் திரியுது.

— மாஸ்டர், டப்பாவப் பாருங்க.

— பாக்கேன்... தேடுதேன்... ஒண்ணுமே இல்லங்குது.

— மறுபடி தேடுங்க.

— தேடியாச்சு. மோடத்து மேலயே வெச்சாச்சு. இல்லங்குது.

— சைடுல ஒரு சின்ன சுவிட்ச் இருக்குதே, அது என்னங்க?

— அது... சத்தத்துக்குன்னு நினைச்சேன்.

— எத்தன நாளா வெச்சிருக்கறீங்க?

— எட்டு மாசம்.

— தள்ளுங்க அத!

— ஆ... மேடம்! மினுங்குது! ரெண்டு பேரு காட்டுது. ஒண்ணு நம்ம கம்பெனி, ஒண்ணு எதுத்த கம்பெனி. அங்க ஜெனரேட்டர் ஓடுதே, பேசாம அங்கயே போயி ஒரு கம்ப்யூட்டர்ல...

— நம்ம ஜெர்மனிக்காரம்மா மெயில அவங்க கம்ப்யூட்டர்லயா? நல்லா சொன்னீங்க. நாளைக்கே அவங்களும் மூணு ரோஸத் தூக்கிட்டு ஜெர்மனிக்குக் கிளம்பிருவாங்க.

— சரி, நம்மளதே போதும். பாஸ்வேர்டு கேக்குது.

— முருகன் காலண்டருக்குப் பின்னால எழுதி வெச்சிருக்குது. சித்த இருங்க... ம், போடுங்க. ஏழு, சி, மூணு...

— மெதுவா மேடம்! ஒரு எழுத்துக்கு நாலு தடவ அமுக்கணும்.

— ஏனுங்க மாஸ்டர், உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— ஃபேன் ஓடலைல்லா. மேடம்... உங்களுக்கு என்ன தோணுது? பி-தான் ஓகே ஆயிருக்கும், இல்லியா?

— ஏன் பி-ன்னு கேக்கறீங்க?

— சும்மாதான். நீங்க ஏன் திடுக்குன்னு பாக்கீங்க?

— நானா? இல்லீங்களே. ரெண்டு, எஃப், ஒம்பது. அவ்வளவுதான்.

— கனெக்ட் ஆயிட்டு! மெயில் பக்கத்துக்குப் போறேன்... ஏதோ திட்டுது. தேதி சரியில்லையாம்.

— என்ன தேதிங்க வெச்சிருக்கறீங்க?

— ரெண்டாயிரத்து நாலு, ஜனவரி ஒண்ணு. சார்ஜ் சுத்தமா இறங்குனா தேதியும் மறந்துரும் போல.

— ரெண்டாயிரத்து நாலுல நம்ம கம்பெனியே இல்லீங்க. மாத்துங்க.

— நான் அப்போ தூத்துக்குடியில ஐஸ் கம்பெனியில இருந்தேன்... மாத்திட்டேன். வந்துட்டு மேடம், பெட்டி வந்துட்டு!

— குடுங்க இங்க. அந்தப் பக்கம் திரும்புங்க, என்ற பாஸ்வேர்டு போடணும்.

— உங்க பாஸ்வேர்ட வெச்சு நான் என்ன, ஜெர்மனிக்கா போகப் போறேன்?

— திரும்புங்கன்னா... ம்... ம்... இருக்குது. அந்தம்மா மெயில் இருக்குதுங்க!

— தொறங்க!

— தொறக்குது... ஆமை மாதிரி தொறக்குது... "டியர் சாரதா"...

— அப்புறம்?

— "மன்னிக்கணும்... எங்களால ஒத்துக்க முடியாது"...

— என்னது?

— அவ்வளவுதான் தெரியுது. மிச்சம் ஸ்கிரீனுக்கு வெளிய இருக்குதுங்க. எத அமுக்கறது?

— அந்த உருண்டைய வலது பக்கமாத் தள்ளுங்க. அது இல்ல மேடம், அது பாட்டுக்கு! இது!

— யூ.பி.எஸ். கத்த ஆரம்பிச்சிருச்சுங்க.

— கத்தட்டும். படிங்க.

— "ஏ... ரொம்ப வெளுப்பா இருக்கு. சி... ரொம்ப அழுத்தம். இந்த ரெண்டையும்..."

— ரெண்டையுந்தான ஒத்துக்க முடியாது? பி? பி-ய என்ன சொல்லுதா?

— கீழ போகணும்... போக மாட்டேங்குது...

— மேடம், எனக்கு மூணு புள்ளைங்க மேடம்.

— உங்க புள்ளைங்களுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? இருங்க... "பி... சரியா இருக்கு. உடனே சாயம் போட ஆரம்பிக்கலாம். வாழ்த்துகள்."

— இன்னொரு தடவ படிங்க.

— பி சரியா இருக்கு! பி-தான்! பி!

— அந்தோணியாரே!

— முருகா!

— மோடம் அணைஞ்சிட்டு மேடம்.

— அணையட்டுங்க. என்ற கண்ணுல பாத்துட்டேன், அது போதும். உங்க மச்சானுக்கு ஒரு கும்புடு.

— அப்போ டையிங்குக்குப் போன் போடுங்க. சாயம் போடச் சொல்லுங்க.

— அது வந்து... மாஸ்டர், யாருகிட்டயும் சொல்லீராதீங்க. போன வாரம் டையிங்கு யூனிட்ல ஒரு மெஷின் சும்மா நின்னுச்சுங்க. விட்டா பத்து நாளைக்கு வராது. கப்பல் தேதி போயிரும். அதான்... பி-யவே போடச் சொல்லிட்டனுங்க.

— சொல்லிட்டீங்க?

— துணி நேத்துக் காலைல வந்தும் இறங்கிருச்சு. மூட்டையப் பிரிக்காம உங்க ஷெட்டுக்குப் பின்னால மறைச்சு வெச்சிருக்கறன். இப்பப் பயமில்ல. எடுத்து வெட்ட ஆரம்பிச்சிருங்க. ஏன் மாஸ்டர் முழிக்கறீங்க?

— மூட்டை மேல உங்க கையெழுத்துல "பி"ன்னு இருந்துச்சா... மெயில் வந்துட்டுன்னு நினைச்சி, நேத்து சாயங்காலமே பூராத்தையும் வெட்டிட்டேன் மேடம். காலைல கரண்டு போறதுக்குள்ள நானூறு சட்டை தச்சும் முடிச்சிட்டாங்க.