மூணு கோட்டு செவப்புப் பெயிண்ட்

...சுரண்டிட்டான் தம்பி. ஸ்க்ரூ டிரைவர வச்சு என் பெயிண்டச் சுரண்டிட்டான், புதுக் காரு ரோட்டுல ஓடலாமான்னு பாக்குற அந்தச் சோதனைக்காரன். மூணு கோட்டு, சொந்தக் கையால அடிச்சது. ஒரு வார்த்த கேக்கல. குனிஞ்சான், பின் வெளக்குக்குக் கீழ இரும்புச் சட்டத்துல கரக்கு மொரக்குன்னு சுரண்டினான், நிமிந்தான். அவங்கப்பன் வீட்டு வண்டி பாரு.

நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நாட்டிங்காம்லேந்து எங்க ஊரு லிங்கனுக்கு இந்த மழையில எப்பிடியும் ஒன்றரை மணி நேரம். உன் லாரிக்குப் பின்னால என் காரக் கட்டியிருக்கியே, கெட்டியாத்தானே கட்டியிருக்க? ஃபைபர் ஒடம்பு, முட்ட ஓடு மாதிரி. சோதனைக் கூடத்து கேட்டத் தாண்டினதும் பொட்டுனு செத்துப்போச்சு. இல்லேன்னா உன்ன ஏன் கூப்பிடப் போறேன்.

சிரிக்காத. அது கடையில வாங்கின காரு இல்ல. பெட்டி பெட்டியா வந்து எறங்குச்சு, நானும் என் பொண்டாட்டி தெல்மாவும் கட்டினோம். எஞ்சினும் வயரும் ஒரு பழைய கார்லேந்து உருவினது. அந்த வயரு இருக்கே... சாப்பாட்டு மேச மேல கொடல உருவிப் போட்டாப்பல ஒரு வருஷம் கெடந்துச்சு. கிறிஸ்துமஸ் வான்கோழிய மடியில வச்சுத் தின்னோம். நூத்தி நாப்பத்தி மூணு வயரு. ஒவ்வொண்ணுக்கும் தெல்மா சீட்டு எழுதி ஒட்டினா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில மருந்து பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டினவ. 'பின் விளக்கு, இடது'ன்னு எழுதியிருப்பா, பாத்தா சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேள முழுங்கணும்போல இருக்கும்.

எல்லாம் மாட்டி முடிச்சு பிரேக்க மிதிச்சேன். இண்டிகேட்டரு கண்ணடிக்குது. இண்டிகேட்டரப் போட்டேன், வைப்பரு ஒருக்கா எந்திரிச்சு ஒக்காருது. ஹாரன அமுக்கினா முன் வெளக்கு சாகக் கெடக்குற கெழவன் கணக்கா மங்குது. பேய் புடிச்ச காரு தம்பி. ஃபியூஸ மாத்தினேன். பேட்டரிய மாத்தினேன். வெளக்கு வித்தவனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். பாவம், அவன் மன்னிப்பே கேட்டுட்டான், எதுக்குன்னு தெரியாமலே.

அப்புறம் மிச்சம் யாரு? சீட்டு எழுதினவ தானே. நீ தான் எதையோ மாத்தி ஒட்டிட்டன்னு தெல்மாகிட்ட சொன்னேன். இல்லவே இல்லன்னா. அப்ப ஆஸ்பத்திரியில எத்தன பேர மேல அனுப்பி வச்சியோன்னு கேட்டேன்.

...ஏன் என்னையே பாக்குற, ரோட்டப் பாரு. கொஞ்சம் அதிகந்தான். நான் தான் சொல்றேனே, அதிகந்தான்னு.

அவ நாயக் கூட்டிக்கிட்டா, சுடுதண்ணிப் பைய எடுத்துக்கிட்டா, இந்த வழியில நியூவார்க்ல இருக்கிற அவ அக்கா ரோசலிண்ட் வீட்டுக்குப் போயிட்டா. பத்தொம்பது நாளாச்சு. சுடுதண்ணிப் பையோட போன பொம்பள லேசுல திரும்ப மாட்டா தம்பி. அந்த நாயாவது வெக்கத்த விட்டு வந்திருக்கலாம். இன்னைக்கு சோதனைக்கு அவ சீட்டுல டீ ஃபிளாஸ்க்குக்குத் தான் பெல்ட்டு போட்டு கூட்டிட்டுப் போனேன்.

எங்க விட்டேன்... ஆங், சுரண்டினவன். சுரண்டின எடத்துல எர்த்து வயர அழுத்திப் புடிச்சுக்கிட்டு, இப்ப மிதிங்கன்னான். மிதிச்சேன். எரியுது. ஒரு சேட்ட இல்லாம, மாதாகோயில் மெழுகுவத்தியாட்டம் எரியுது. ஃபைபர் ஒடம்புல கரண்டு திரும்பிப் போக வழி கெடையாதாம். அடியில இருக்கிற இரும்புச் சட்டம் வழியாத் தான் போகணுமாம். எர்த்து வெறும் இரும்பத் தொடணும், நடுவுல இம்புட்டுப் பெயிண்ட் இருந்தா எங்கேந்து தொடும்னான். இன்னும் பத்து எடம் இப்பிடிச் சுரண்டிட்டு அடுத்த மாசம் வாங்கன்னுட்டான்.

ஆக மொத்தம் பதினோரு எடம். அந்தப் பதினொண்ணுலயும் தெல்மா காகித டேப்பு ஒட்டி வச்சிருந்தா. இங்க மட்டும் பெயிண்ட் படக்கூடாதுன்னு நூறு தடவ சொன்னா. புண்ணுக்குக் கட்டுப் போட்டாப்பல பாக்கவே கேவலமா இருந்துச்சு. அவ கடைக்குப் போன நேரமாப் பாத்து... பிச்சுட்டு அடிச்சுட்டேன்.

ஏன் இங்க திரும்புற? லிங்கன் நேராப் போகணும். வண்டிய எறக்குற எடம்னு உன் தாள்ல நியூவார்க்னு போட்டிருக்கா? எவன் எழுதினான்? காட்டு... என் கையெழுத்து தான். ரோசலிண்ட் வீட்டு நம்பர் வரைக்கும் எழுதியிருக்கேன். வயசானா இப்பிடித் தான் தம்பி, கை பாட்டுக்கு எழுதிடுது.

அந்தப் பச்சக் கதவு தான் ரோசலிண்ட் வீடு. இங்கேயே நிறுத்து. எறங்காத, மழ விடட்டும். ஃபிளாஸ்க்ல டீ இருக்கு, ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். அவசரம் ஒண்ணும் இல்ல...

எங்க போற? காரு பின்னால இருக்கு தம்பி, அங்க எதுக்கு? பெல்லு கில்லு அடிச்சுடாத...

அடிச்சுட்டான். நாய் கொலைக்குது.

...தெல்மா. நான் தான். சீட்டு நூத்தி நாப்பத்தி மூணும் சரி. பெயிண்ட் அடிச்சது நானு.